உறையாத எண்ணெய்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றில்தான் வரும். அடிவயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருக்கும். திருப்பூருக்கு வந்த பிறகு எத்தனையோ பார்த்தாயிற்று. ஆர்டர் இல்லாமல் கம்பெனியைப் பூட்டியிருக்கிறார்கள், சாயத்தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டிருக்கிறது. எதற்கும் வயிறு அப்படிப் பிசைந்ததில்லை. ஒரு மார்கழிக் காலையில் உறையாமல் கிடந்த கொஞ்சம் எண்ணெயைப் பார்த்துத்தான் பிசைந்தது. இன்றைக்கும் குளிர்காலம் தொடங்கினால் அந்தக் கை என் வயிற்றுக்குள் வந்துவிடுகிறது.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் என்னைத் திருப்பூருக்குக் கூட்டி வந்துவிட்டார். மங்கலம் ரோட்டில் ஒரு காம்பவுண்டு. முன்னால் ஓனரின் பெரிய வீடு, பின்னால் ஓர் அறையும் ஒரு சமையல் இடுக்குமாக வரிசையாய் லைன் வீடுகள். அதில் ஒன்றில்தான் குடியிருந்தோம். ஓனர் அம்மாவை எல்லோரும் ஊட்டுக்காரம்மா என்போம். என் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். நூலைத் துணியாக்குகிற வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிறவள். மகள் பிறந்த பிறகு கம்பெனிக்குப் போக முடியவில்லை. அதனால் மெஷினையே வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். கட்டுக் கட்டாக வெள்ளை பனியன் பீஸ் வரும், தைத்துக் கொடுப்பேன். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வெள்ளைத் துணி தைக்கிறவளுக்கு எண்ணெய்தான் முதல் எதிரி. ஒரு சொட்டுப் பட்டால் போதும், அந்த பீஸ் ரிஜெக்ட். மெஷினுக்கு விடுகிற ஒயிட் ஆயில்கூடத் தப்பித் தவறித் துணியில் பட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விடுவேன். அந்த ஆயிலுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தண்ணீர் மாதிரி இருக்கும். டின்னில் வாங்கிக் கம்பெனி மெக்கானிக் காலியான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். திருப்பூரில் காலி பாட்டில் என்றால் அது தேங்காய் எண்ணெய் வந்த நீல பாட்டில்தான். எந்த கம்பெனிக்குப் போனாலும் மெஷினுக்கு அடியில் ஒரு நீல பாட்டில் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் வித்தியாசமாக நினைத்ததில்லை.

எனக்கு எண்ணெய் எதிரி என்றால் அவருக்கு அது உயிர். தலைவலிக்கு ஒன்று, சுளுக்குக்கு ஒன்று, காதுவலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சியது ஒன்று என்று சமையல் இடுக்கு முழுக்க பாட்டில்களாக இருக்கும். தலையணை உறைகளில் எல்லாம் நொச்சி வாசம் அடிக்கும். எல்லாம் அவரே காய்ச்சுவது. யாரிடம் படித்தார் என்று கேட்டால் சிரிப்பார். நாள் முழுக்க மெஷினுக்கு எண்ணெய் ஊற்றுகிற ஆளுக்கு உலகமே மெஷினாகத் தெரிந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன்.

"எண்ணெ இல்லாம ஓட்டுனா ஊசி ஒடிஞ்சிரும்ட்டி. மெசினுக்கே அப்படின்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்?" என்பார்.

"எம் பீசுல ஒரு சொட்டுப் பட்டுது, நானே ஒம்ம ஒடிச்சிப்போடுவேன்" என்பேன்.

ஆனால் காம்பவுண்டில் அவருக்கு நல்ல பெயர். யாருக்கு இடுப்பு பிடித்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ஊட்டுக்காரம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. எந்த டாக்டர் மாத்திரையையும்விட இவர் காய்ச்சுகிற தைலம்தான் கேட்கிறது என்று அந்தம்மா எல்லோரிடமும் சொல்வார்கள். இவருக்குத் தலைகால் புரியாது.

அந்த மார்கழியில் குளிர் அதிகம். மகளுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. அவருக்கும் சளி. வீட்டில் இரண்டு மூக்கும் போட்டி போட்டுக்கொண்டு அடைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை லீவு. எனக்கு அவசரமாகக் கொடுக்கவேண்டிய கட்டு ஒன்று இருந்தது, தைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டைக் கூட்டினார். மகள் தவழ்ந்துபோய் மெஷினுக்கு அடியில் இருந்த நூல்கண்டை இழுத்து வாயில் வைத்துவிட்டாள். அவர் பதறிப்போய்ப் பிடுங்கினார். பிறகு தரையில் கிடந்த கத்திரி, ஊசி டப்பா, பாட்டில் என்று பிள்ளை கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் எடுத்துச் சமையல் இடுக்கின் மேல்தட்டில் வைத்தார். எனக்கு அன்று அவர் மேல் பாசம்கூட வந்தது. இந்த மனுஷன் மாதிரி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும் என்று நினைத்தேன்.

பிறகு தைலம் காய்ச்சினார். ஊட்டுக்காரம்மா தோட்டத்தில் பறித்த ஓமவல்லி இலை, ஓமம், மிளகு, பூண்டு. எல்லாம் எண்ணெயில் பொரிகிற வாசம் வந்தது. அடுப்பை அணைத்துக் கற்பூரம் போட்டதும் வீடே ஒரு கோவில் மாதிரி ஆகிவிட்டது. ஆறியதும் மகளுக்கு நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தார். மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கின் இரண்டு துவாரத்திலும் சில சொட்டு விட்டார். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் குளிப்பாட்டும்போது அப்படி விடுவதுதான். அவள் வீறிட்டாள். பிறகு வெந்நீரில் குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். ஒரு சின்ன பாட்டிலில் ஊட்டுக்காரம்மாவுக்கும் கொடுத்தனுப்பினார்.

அடுத்த நாளும் சொட்டு விட்டார், அதற்கு அடுத்த நாளும் விட்டார். சளி வெளியே வரவில்லை. பிள்ளை பால் குடிக்க வந்து, இரண்டு வாய் குடித்துவிட்டு விலகினாள். பெரிதாக இருமக்கூட இல்லை. அதனால்தான் எனக்கு உறைக்கவில்லை. உடம்பு கொதித்தது. அன்று மத்தியானம் முருங்கைக்கீரை கொடுக்க வந்த ஊட்டுக்காரம்மாதான் முதலில் பார்த்தார்கள். மகளின் சட்டையை மேலே தூக்கிவிட்டு அப்படியே நின்றார்கள்.

"ஏங்கண்ணு, புள்ளைக்கு நெஞ்சு இப்படிக் குழி உழுகுதே, பாக்கலயா? மூச்சு வாங்குது சாமி. தையலக் கெடாசிப் போட்டு மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு!"

ஒவ்வொரு மூச்சுக்கும் என் மகளின் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து எழுந்தது. நான் தைத்துக்கொண்டிருந்த பீஸ் ஊசியிலேயே மாட்டிக்கொண்டு தொங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவருக்குக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னது ஊட்டுக்காரம்மாதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்.

"மூக்குல எண்ணெய் ஏதாவது விட்டீங்களா?"

கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த அவர் முந்திக்கொண்டு, "தேங்கா எண்ணெதான் சார். வீட்டுல நானே காய்ச்சுனது. சுத்தமானது" என்றார்.

"எது சுத்தமா இருந்தாலும் மூக்குல விடக்கூடாதுங்க. எத்தனை பேருக்குத்தான் சொல்றது? அது நுரையீரலுக்கு எறங்கீரும். கற்பூரம் வேற போட்டிருக்கீங்க, வாசமே வருது, அதும் சின்னப் பிள்ளைக்கு ஆகாது." டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவர் மெதுவாகப் பேசியதுதான் பயமாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக இருக்கவேண்டிய நெஞ்சின் வலது பக்கத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாய் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்தது கறைதான். துணியில் கறை விழுந்தால் கம்பெனியில் அதை எடுக்க ஒரு ஆள் இருப்பார், துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து மருந்தடித்து எடுத்துவிடுவார். பிள்ளையின் நெஞ்சுக்குள் விழுந்ததை யார் எடுப்பார்கள்?

மருந்து ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மூச்சு வாங்குவது மட்டும் குறையவே இல்லை. இதற்குள் கொஞ்சம் தெளிந்திருக்கவேண்டுமே என்று டாக்டரே நெற்றியைச் சுருக்கினார். வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே இருந்தார். படுக்கப் போட்டால் அவளுக்கு மூச்சு முட்டியது. தேங்காய் எண்ணெய்தானே, தேங்காய் எண்ணெய்தானே என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். காம்பவுண்டுக்குள் நுழைந்தால், மதில்மேல் வெயில் படுகிற இடத்தில் நீல பாட்டில்களாக வரிசையாய் நிற்கிறது. எல்லார் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் குளிரில் உறைந்துவிட்டது. தலைக்கு வைக்க ஒரு சொட்டு இறங்கவில்லை, அதனால் வெயிலில் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் ஈர்க்குச்சியால் உள்ளே குத்திக்கொண்டிருந்தார்கள்.

ஊட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்ல நினைத்திருப்பார்கள் போல. கையில் இருந்த சின்ன பாட்டிலைக் காட்டினார்கள்.

"சரியாப் போயிரும் கண்ணு, வெசனப்படாத. உங்கூட்டுக்காரரு கைப்பக்குவம் அப்படியாக்கு. இங்க பாரு, ஊரு எண்ணெயெல்லாங் கல்லாட்ட ஒறஞ்சு கெடக்குது, இந்தத் தைலம் மட்டும் தண்ணியாட்ட ஓடுது. நம்ம தோட்டத்து மூலிகைச் சத்துத்தான் சாமி."

பாட்டிலைச் சாய்த்தார்கள். இளம்பச்சையாக அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

நான் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓமவல்லி போட்டாலும், ஓமம் போட்டாலும், தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தானே? இந்தக் குளிரில் அது ஏன் உறையவில்லை? போன மார்கழியில் இவர் காய்ச்சின தைலமும் உறைந்துதான் போனது. நானே சுடுதண்ணீரில் வைத்து உருக்கியிருக்கிறேன். வயிற்றுக்குள் ஒரு கை புகுந்து இறுக்கிப் பிடித்தது.

கதவைத் திறந்து நேராக மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாட்டில் இல்லை. சமையல் இடுக்கில் மேல்தட்டைப் பார்த்தேன். இரண்டு நீல பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை எடுத்தேன். கழுத்து வரைக்கும் வெள்ளையாக உறைந்திருந்தது. தொட்டே பார்க்காதது. இன்னொன்று அநேகமாகக் காலி. அடியில் கொஞ்சம் ஓடியது. விரலில் விட்டு மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தேன். தினமும் மெஷினுக்கு விடுகிறவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருப்பது மெஷின் ஆயில். பிள்ளைக்கு எட்டக்கூடாது என்று மேலே தூக்கி வைத்த அதே பாட்டில். சளி பிடித்த அவர் மூக்குக்கு வாசம் தெரியவில்லை. அடுப்புச் சூடு படுகிற பக்கமாக இருந்ததால் இது மட்டும் உறையவில்லை என்று அவர் நினைத்தாராம், பின்னால் சொன்னார். உறைந்ததைத் தள்ளிவிட்டு, ஓடுகிறதை எடுத்துச் சட்டியில் ஊற்றியிருக்கிறார்.

ஊட்டுக்காரம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதும் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உங்க முட்டிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"எம்பட முட்டி கெடக்குது, போ! அது தோலுக்கு மேலதான. நீ வெசையா அந்தப் பாட்டல எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்டச் சொல்லு. ஒண்ணையும் மறைக்காத கண்ணு."

ஆட்டோவில் போகும்போது என் மடியில் அந்த நீல பாட்டில் இருந்தது. அதைவிடப் பாரமான எதையும் நான் தூக்கியதில்லை. என்னென்னவோ ஓடியது. டாக்டர் கையை விரித்துவிட்டால்? போலீசுக்குச் சொல்லிவிட்டால்? எல்லாவற்றையும்விட அவரை நினைத்துத்தான் பயம். தன் கையால் பிள்ளைக்கு மெஷின் ஆயிலை விட்டோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்குவாரா? பிள்ளை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இரண்டு பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிடுவேனோ என்று நடுங்கினேன். அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பாட்டிலைத் துணிப்பைக்குள் மாற்றுத்துணிக்கு அடியில் செருகினேன்.

ஆனால் நான் போன நேரம், ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் கழற்றியிருந்தார்கள், அவர் வராந்தாவிலேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவளுக்குத் துடைக்கத் துண்டு வேண்டும் என்று என் பைக்குள் அவரே கையை விட்டார். பாட்டில் கையில் வந்தது.

"இத எதுக்குட்டி தூக்கிட்டு வந்திருக்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். மூடியைப் பல்லால் திறந்து, விரலில் ஒரு சொட்டு விட்டு, நான் தேய்த்த மாதிரியே கட்டைவிரலால் தேய்த்தார். அவர் விரலும் என் விரல் மாதிரிதான், தினமும் அதில் ஊறிய விரல். அன்றைக்கு மூக்குதானே அடைத்திருந்தது, விரலுமா அடைத்திருந்தது என்று எனக்கு இன்றும் கோபம் வரும். அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. சுவரில் சாய்ந்தார். பிள்ளையோடு சரிந்து விழப் போகிறார் என்று நான் கையை நீட்டினேன்.

அவர் விழவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலோடு நேராக டாக்டர் அறைக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நான் சொன்னது தப்பு. அது தேங்கா எண்ணெ இல்ல. மெசின் ஆயில். நாந்தான் சார் மாத்தி ஊத்திட்டேன். எம் பிள்ளையக் காப்பாத்துங்க." அவ்வளவையும் நின்றபடியே சொன்னார்.

டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உடனே போனை எடுத்துக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். இந்த ஆயில் உள்ளே இறங்கினால் இருமல்கூடப் பெரிதாக வராது, தானாகக் கரையவும் செய்யாது, சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. அவிநாசி ரோடு முழுக்க நான் மகளின் விலாவையே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளம் விழுந்து எழுந்தது, விழுந்து எழுந்தது. எழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நானே அவளோடு சேர்ந்து மூச்சு விட்டேன்.

அங்கே மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு நுரையீரலைக் கழுவினார்கள். அப்படிச் செய்யமுடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கொண்டுபோனதும் கதவு சாத்திக்கொண்டது. அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். குளிருகிறதா என்று கேட்டேன்.

"இந்தக் கையப் பாக்க முடியலட்டி" என்றார்.

அவரைத் திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கை சில்லென்று இருந்தது. கதவு திறக்கிற வரைக்கும் நான் அதை விடவில்லை.

மகள் பிழைத்தாள். ஒரேயடியாக இல்லை. இன்னொரு முறையும் கழுவினார்கள், வெகுநாள் அங்கேயே கிடந்தோம். பொங்கலை ஆஸ்பத்திரியில்தான் கொண்டாடினோம், கேன்டீன் சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கு ஒரு கரண்டி தின்று. அவள் மூச்சு முட்டாமல் ஒரு முழுப் பால் குடித்து முடித்த அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்தார்.

வீடு திரும்பியதும் அவர் மேல்தட்டில் இருந்த பாட்டில்கள் அத்தனையையும் எடுத்து வெளியே போட்டார். அதற்குப் பிறகு எதையும் காய்ச்சவில்லை. யாராவது இடுப்பு வலி என்று வந்தால், டாக்டரிடம் போங்கள் என்று உள்ளே போய்விடுவார். என் மெஷின் ஆயில் அன்றிலிருந்து ஒரு தகர டின்னில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

பிறகு ஒரு பழைய பிரிட்ஜ் வாங்கினோம். வாங்கிய அன்றைக்கே அவர் அதில் முதலில் வைத்தது பாலும் இல்லை, தக்காளியும் இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில். சித்திரை வெயிலில்கூட எங்கள் வீட்டு எண்ணெய் கல்லாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் சிரிப்பார்கள், இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். நான் காரணம் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். பேச்சு முழுக்கக் கொங்குப் பேச்சு. காலையில் தலைபின்ன உட்கார்ந்தால் அவள் கத்தல்தான் வீட்டில் பெரிதாகக் கேட்கும்.

"அப்பா, எண்ணெயப் போயி யாராச்சும் பிரிட்ஜ்ல வெப்பாங்களா? சீக்கிரம்ப்பா, வேன் வந்துரும்!"

அவர் பாட்டிலை எடுப்பார். மூடியைத் திறந்து, உள்ளங்கைக்கு மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒரு சொட்டுக்கூட விழாது. விழவில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருப்பார். அடுப்படியில் நானும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பேன்.

"இரு கண்ணு" என்பார். "உறைஞ்சிருக்கான்னு பாத்துக்கிடுதேன்."